ஆட்டம் யாருடையது?

விலைக்குரியது எது, விலைக்கு அப்பாற்பட்டது எது என்னும் வினா சந்தைக்கு மட்டுமன்று, விளையாட்டுத் திடலுக்கும் உரியதே. நம் குமரிக் கடலோரச் சிற்றூர்களில் கால்பந்து வெறும் பொழுதுபோக்கன்று. இரவிபுத்தன்துறை மண்ணில் வளர்ந்த மைக்கேல் சூசைராஜ் 2019-இல் இந்திய அணிக்காக ஆடினார். அத்தகைய மண்ணில் வாழும் நாம் இவ்வினாவைக் கடந்துசெல்ல இயலாது.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 1992-இல் தொடங்கியபோது, ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமைக்கு ஏறத்தாழ 30 கோடி பவுண்டு பேசப்பட்டது. 1989-இல் ஹில்ஸ்பரோ அரங்க நெரிசலில் நேர்ந்த பேரிழப்பு 97 உயிர்களைக் கொண்டது. அதன்பின் அரங்குகள் பாதுகாப்பான இருக்கைகளுடன் சீரமைக்கப்பட்டன. பணம் நன்மையும் செய்தது என்பதை மறுக்கலாகாது. ஆனால் நுழைவுச்சீட்டின் விலையும் உடன் உயர்ந்தது. 2016-இல் லிவர்பூல் அணி 77 பவுண்டுக்குச் சீட்டு விற்க முனைந்தபோது, ஆட்டத்தின் 77-ஆம் நிமிடத்தில் பல்லாயிரம் பேர் எழுந்து வெளியேறினர். நிர்வாகம் பணிந்தது.

நம் நாட்டிலோ சிக்கல் வேறு வடிவம் கொண்டது. 2010-இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில், அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. சில கழகங்கள் ஊதியத்தை நிறுத்தின. 2026 பிப்ரவரியில்தான் பந்து மீண்டும் உருண்டது. ஒரே தூணில் கூரை வேய்ந்தால், தூண் சாயும்போது வீட்டார் அனைவரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

"தொலைக்காட்சி இல்லையேல் ஏழைக்கு ஏது ஆட்டம்?" எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. நாகர்கோவிலிலிருந்து சென்னை அரங்கிற்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். நம்மவர் பலருக்குத் திரையே பார்வையாளர் மாடம். ஆனால் அத்திரையில் விற்கப்படுவது யாது? 2020-இல் பெருந்தொற்றால் இங்கிலாந்து அரங்குகள் வெறிச்சோடியபோது, முன்பு பதிவு செய்த ஆரவாரத்தைச் சேர்த்தும் ஆட்டங்களை ஒளிபரப்பினர். மக்களின் குரல் இல்லாத ஆட்டம் விலைபோகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அங்ஙனமாயின் இரசிகன் வாங்குபவன் மட்டும் அல்லன். விற்கப்படும் பொருளை உருவாக்குபவனும் அவனே. அவன் குரலை விற்று, அவனையே விலையால் வெளியேற்றுவது எவ்வகை நீதி?

நம் கரைமடித் தொழில் இதற்கு விடை கூறுகிறது. மடி உடையவருக்கு உரிய பங்கு உண்டு. அதை எவரும் மறுப்பதில்லை. கரையில் நின்று கயிறு இழுத்தவருக்கும் பங்கு உண்டு. அது இரக்கத்தால் இடும் பிச்சையன்று, உழைப்பின் உரிமை. முதலீட்டாளர் மடி தந்தவர். ஆட்டக்காரரும் இரசிகரும் கயிறு இழுத்தவர். ஜெர்மனியில் கழக உறுப்பினரிடமே பெரும்பான்மை வாக்குரிமை இருக்க வேண்டும் என விதி வகுத்திருப்பது இந்நெறிக்கு நெருங்கியதே.

எனவே பணம் திடலுக்குள் வரட்டும். கதவின் திறவுகோல் மட்டும் அதன் கையில் இருத்தல் ஆகாது. எளியோர் அமரும் இருக்கைகளும், அவர்தம் வாக்குக்கு இடமும் எந்த ஒப்பந்தத்திலும் முதலில் எழுதப்பட வேண்டும். கயிறு இழுத்தவனை வெறுங்கையனாக அனுப்பும் கரையில், மறுநாள் மடியை இழுக்க ஆள் வருவதில்லை.