இடம்பெயர்ந்தோரும் வெளியேற்றப்பட்டோரும்

ஆங்கிலத்திலே ‘டிஸ்பிளேஸ்ட்’, ‘எக்ஸ்பெல்ட்’ என இரு சொற்கள் உள. இரண்டும் இருப்பிடம் இழந்தாரைக் குறிப்பனவே. ஆயினும் ஒன்றனிடத்தில் மற்றொன்று நில்லாது. முன்னையது இழந்த நிலையை மாத்திரம் கூறி, வெள்ளத்தால் நீங்கினாரையும் போரால் நீங்கினாரையும் ஒருங்கே அடக்கும். பின்னையது, துரத்தினார் உளர் என்பதையும் உடன் உணர்த்தும்.

இவ்வேறுபாட்டை மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியை வைத்து ஆராய்வாம். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில், வடமாகாணத்து முஸ்லிம்கள் யாவரும் நீங்குக எனத் தமிழீழ விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். தமிழே பேசும் எருக்கலம்பிட்டி மக்களும் வீடு வாசலை விட்டுக் கடல்வழியே புத்தளப் பகுதியை அடைந்தனர். பலர் பல்லாண்டு முகாம்களில் வாழ்ந்தனர். போர் முடிந்த 2009 இன் பின் ஒரு பகுதியார் மீண்டனர்.

இவரை ‘இடம்பெயர்ந்தோர்’ எனப் பலவிடத்தும் வழங்கக் காண்கின்றோம். ‘டிஸ்பிளேஸ்ட்’ என்பது ஆங்கிலத்திற் செயப்பாட்டுவினை. தமிழுக்கு வந்தபோது தன்வினையாயிற்று. பெயர்தல் வேறு, பெயர்த்தல் வேறு என்று நாமே மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோமன்றோ?

பொதுச்சொல் வேண்டாவோ எனின், வேண்டும். 1998 இல் ஐக்கிய நாடுகள் சபையின் முன் வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளும் அவ்விரிந்த சொல்லையே கொண்டன. பசித்தார்க்கு அரிசி அளக்குமிடத்து, துரத்தினார் யாரென வினவி நிற்றல் தகாது. சரித்திரம் கற்பிக்குமிடத்தோ அதுவே முதல் வினா.

அதே மன்னார் நாட்டுத் திருக்கேதீச்சரம் ‘இடிந்தது’ என மாணாக்கன் எழுதின், ‘போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது’ எனத் திருத்துகின்றோம். நமக்கு நேர்ந்த தீங்கிற்கு வினைமுதலை வேண்டும் நாம், நம்மினத்தின் பெயரால் பிறர்க்கு இழைக்கப்பட்ட தீங்கிற்குத் தன்வினை போதும் என்பேமாயின், அப்பிழை இலக்கணத்தோடு நில்லாது நடுவுநிலைமையையும் கெடுக்கும். 2002 இல் அவ்வியக்கத்தின் சார்பிற் பேசிய அன்ரன் பாலசிங்கமே அச்செயலைத் தவறென ஒப்பினார். செய்தார் ஒப்பியதைக் கற்பிப்பார் மறைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

ஆதலின், ஆசிரியர்காள், எருக்கலம்பிட்டி மக்கள் ‘வெளியேற்றப்பட்டனர்’ என்றே எழுதுவிப்பீராக. ‘யாரால்?’ என ஒரு மாணாக்கன் வினவுவான். அதற்கு விடை கூறுதல் நம் கடன்.