மனு கட்டிய ஓடம்

மகாபாரதத்தின் வனபர்வத்தில் மார்க்கண்டேய முனிவர் யுதிஷ்டிரருக்குக் கூறும் கதைகளுள் மனுவின் கதையும் ஒன்று. ஆற்றங்கரையில் தவமியற்றிக்கொண்டிருந்த மனுவிடம் ஒரு சிறு மீன் வந்து அடைக்கலம் வேண்டியது. பெரிய மீன்கள் தன்னை விழுங்கிவிடும் என்று அஞ்சிய அதனை அவர் ஒரு பானையில் இட்டுக் காத்தார். அது வளர வளரக் குளத்திலும், பின்னர் கங்கையிலும், இறுதியில் கடலிலும் கொண்டு சேர்த்தார். அப்போது அந்த மீன், வரவிருக்கும் பெருவெள்ளத்தைக் குறித்து அவரை எச்சரித்தது. உறுதியான ஓடம் ஒன்றைக் கட்ட வேண்டும், அதில் நீண்ட கயிற்றைப் பிணைத்து வைக்க வேண்டும், எல்லா வகை விதைகளையும் பத்திரப்படுத்த வேண்டும், ஏழு முனிவர்களுடன் அதில் ஏற வேண்டும் என்று அறிவுறுத்தியது. வெள்ளம் வந்தது. மீனும் கொம்புடன் தோன்றியது. மனு அக்கொம்பில் கயிற்றைக் கட்டினார். ஓடம் இமயச் சிகரத்தைச் சென்றடைந்தது.

மீனாக வந்தவர் இறைவன். அவர் திருவுள்ளம் கொண்டிருந்தால் வெள்ளமே வராமல் தடுத்திருக்கலாம். மனுவைத் தம் முதுகில் சுமந்தும் சென்றிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. வருவதை முன்கூட்டியே உணர்த்தினார். செய்ய வேண்டியதைச் சொன்னார். உரிய வேளையில் வந்து கொம்பை நீட்டினார். மரத்தை வெட்டியதும், பலகையை இணைத்ததும், கயிற்றைத் திரித்ததும் மனுவின் வேலை. கயிறு ஆயத்தமாக இல்லாதிருந்தால் கொம்பு வந்தும் பயன் என்ன? அருளும் முயற்சியும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவோர் இக்கதையைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

எரசமா தந்த பாடம்

வங்கக் கடலின் வடமேற்குக் கரையில் அமைந்துள்ள ஒடிசாவின் ஜகத்சிங்பூர் மாவட்டம் நெல் வயல்களும் மீனவர் குடியிருப்புகளும் நிறைந்த தாழ்வான டெல்டாப் பகுதி. 1999 அக்டோபர் 29 அன்று பாராதீப் துறைமுகத்திற்கு அருகே கரையைக் கடந்த பெரும்புயல், மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. காற்றைவிடக் கொடியது அது உந்தித் தள்ளிய கடல்நீர். வங்கக் கடலின் வடபகுதி ஆழம் குறைந்து, புனலைப்போல் குறுகிச் செல்வது. அதனால் புயல் எழுப்பும் நீர் மேடாகக் குவிந்து நிலத்தினுள் பாய்கிறது. அன்று 5 முதல் 6 மீட்டர் உயரத்திற்கு எழுந்த நீர், எரசமா வட்டாரத்தின் மண் குடிசைகளைக் குடும்பங்களோடு வாரிச் சென்றது. உயிரிழந்தோர் சுமார் 10,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் இந்த ஒரு மாவட்டத்தவர்.

எச்சரிக்கை அறவே இல்லாமல் போகவில்லை. ஆனால் கேட்டவர்களுக்குச் செல்ல இடமில்லை. இடம் இருந்தோருக்குச் செல்ல மனமில்லை. செஞ்சிலுவைச் சங்கம் தூண்களின்மீது எழுப்பியிருந்த சில காப்பகங்களில் ஒதுங்கியவர்கள் பிழைத்தனர். தங்கள் வீட்டையும் மாட்டையும் விட்டு வர மறுத்தவர்களுள் பலர் அவற்றோடு போயினர்.

அந்தத் துயரம் வீண்போகவில்லை. அதே ஆண்டின் இறுதியில் பேரிடர் மேலாண்மைக்கென்று அம்மாநிலம் தனி அமைப்பை நிறுவியது. கடலோரத்தில் 800-க்கும் மேற்பட்ட காப்பகங்கள் எழுந்தன; மற்ற நாட்களில் அவற்றுள் பல பள்ளிக்கூடங்களாகப் பயன்படுகின்றன. 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடக்குமுன் சுமார் 10 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு 50-ஐ எட்டவில்லை. 2019 மே 3 அன்று பூரி அருகே ஃபானி புயல் தாக்கியபோது சுமார் 12 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றிருந்தனர். கடல் அதே கடல். காற்றும் அதே காற்று. மாறியவர்கள் மனிதர்கள். அவர்கள் ஓடத்தைக் கட்டக் கற்றுக்கொண்டனர்.

பாகனின் குரல்

'எல்லாம் அவன் செயல். நடப்பது நடக்கட்டும்' என்று சிலர் கூறுவதுண்டு. இதற்குப் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய யானைக் கதையே விடை. எல்லாம் நாராயணன் என்று குருவிடம் கேட்டறிந்த சீடன், மதம் கொண்ட யானை எதிரே வந்தபோதும் விலகாமல் அதனை வணங்கி நின்றான். மேலே அமர்ந்திருந்த பாகன் விலகுமாறு கூவியதை அவன் பொருட்படுத்தவில்லை. யானை அவனைத் தூக்கி எறிந்தது. யானை நாராயணன் என்றால் எச்சரித்த பாகனும் நாராயணன் அல்லவா, அந்த நாராயணனின் சொல்லைச் சீடன் ஏன் கேட்கவில்லை என்பதே குருவின் கேள்வி.

வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பும், கடற்கரைக் கோபுரத்தில் ஒலிக்கும் எச்சரிக்கைச் சங்கும், வீடு வீடாக வந்து கதவைத் தட்டும் இளைஞனின் குரலும் பாகனின் குரலே. அதனைக் கேட்டும் கேளாதிருப்பது சரணாகதி அன்று; சோம்பல் பக்தியின் உடையை அணிந்து நிற்கிறது, அவ்வளவே.

இல்லத்தின் ஓடம்

ஏப்ரல் முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் வங்கக் கடலில் புயல் எழும் காலங்கள். அவற்றுக்கு முன்பே கடலோர இல்லறத்தார் ஆயத்தமாதல் வேண்டும். அருகிலுள்ள காப்பகம் எது, நீர் சூழுமுன் அதனை அடையும் வழி எது என்பதை வீட்டிலுள்ள குழந்தையும் அறிந்திருக்க வேண்டும். சில நாட்களுக்குப் போதுமான அவலும் வெல்லமும், மூடிய கலத்தில் குடிநீரும், வழக்கமாக உண்ணும் மருந்துகளும், தீப்பெட்டியும், டார்ச் விளக்கும், பேட்டரியில் இயங்கும் வானொலியும் ஒரே மூட்டையாக இருக்கட்டும். ரேஷன் அட்டை, நிலப் பத்திரம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் பாலிதீன் உறையில் இட்டுக் கட்ட வேண்டும். மனு காத்ததுபோல் விதைநெல்லையும் உயரமான இடத்தில் காக்க வேண்டும். புறப்படுமுன் மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். கட்டப்பட்ட மாட்டுக்கு நீந்தத் தெரிந்தும் பயனில்லை.

இன்னுமொரு செய்தி. புயலின் மையம் கடக்கும்போது காற்று திடீரென ஓய்ந்து வானம் தெளியும். ஆபத்து நீங்கியதென்று வெளியே வருவோரை எதிர்த்திசையிலிருந்து வரும் காற்று மேலும் கடுமையாகத் தாக்கும். அதிகாரிகள் அறிவிக்கும்வரை காப்பகத்தை விட்டு வெளியேறலாகாது. திரும்பிய பின்பும் அறுந்து கிடக்கும் மின்கம்பிகளிலிருந்தும், மேட்டு நிலத்தை நாடி வந்த பாம்புகளிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். நீரைக் காய்ச்சியே பருக வேண்டும்.

மூட்டை கட்டுதல் ஒரு சாதனை

இவை உலகியல் காரியங்கள், ஆன்மிகத்திற்கும் இவற்றிற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரு மூட்டைக்குள் அடங்குவதை மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும் என்னும்போது, இல்லறத்தான் தன் உடைமைகள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரிக்கிறான். இதுவே விவேகம். நேற்றுவரை 'என்னுடையது' என்று பற்றியிருந்த பலவற்றை விட்டுக் கதவைச் சாத்துகிறான். இதுவே வைராக்கியம். எரசமாவில் பலரைக் கொன்றது நீர் மட்டுமன்று. விட முடியாமையும் அவர்களைக் கட்டி நிறுத்தியது. ஆண்டுதோறும் மூட்டை கட்டிப் பழகியவனுக்கு, இறுதி நாளில் எந்த மூட்டையும் இன்றிப் புறப்படுவது எளிதாகும்.

சில ஆண்டுகளில் புயல் திசை மாறிப் போய்விடும். காப்பகத்தில் இரவைக் கழித்துத் திரும்பியவர்கள், 'வீண் அலைச்சல்' என்று சலித்துக்கொள்வர். அடுத்த முறை அசைய மறுப்பர். இங்கேதான் கீதையின் கர்மயோகம் கைகொடுக்கிறது. கடமையைச் செய்தவன் பலனை எண்ணிக் கணக்குப் பார்ப்பதில்லை. பத்து முறை வராத புயலுக்காகப் பத்து முறை புறப்பட்டவனே பதினொன்றாம் முறை உயிரோடிருப்பான்.

மனு தனியே ஓடம் ஏறவில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று. அண்டை வீட்டில் நடக்க இயலாத முதியவர் யார், கருவுற்ற பெண் யார், ஊரின் கடைசியில் துணையின்றி வாழும் விதவை யார் என்பதை முன்னரே குறித்து வைத்து, அவர்களை முதலில் அழைத்துச் செல்வதே சேவை. 1897-ஆம் ஆண்டு முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பஞ்சத்தால் வாடிய கிராமத்தாரைக் கண்ட சுவாமி அகண்டானந்தர், யாத்திரையை நிறுத்திவிட்டு அவர்களிடையே தங்கிப் பணிபுரிந்தார். பசித்தவனில் இறைவனைக் கண்டவருக்கு வேறு தலம் தேவைப்படவில்லை.

பூரியில் ஜகந்நாதரின் மகாபிரசாதத்தைச் சாதி வேற்றுமை பாராமல் அனைவரும் ஒன்றாக உண்பது மரபு. புயல் இரவில் காப்பகத்தின் தரையிலும் அதுவே நிகழ்கிறது. நிலவுடைமையாளரும் கூலித்தொழிலாளியும் ஒரே பானையின் கிச்சடியை உண்டு, ஒரே கூரையின்கீழ் விடியலுக்காகக் காத்திருக்கின்றனர். அங்கே இறைவன் வந்து அமர்ந்திருப்பதில் ஐயமில்லை.

கொம்பு என்றும் அவனுடையது. அது தவறாமல் வரும். கயிற்றைத் திரித்து வைப்பது மனிதனின் பங்கு. அதற்குரிய அறிவையும், அண்டையிலிருப்போரை மறவாத அன்பையும் ஜகந்நாதர் எல்லா இல்லங்களுக்கும் அருள்வாராக!