மாசியிலிருந்து சித்திரைக்கு

மதுரைக்காரரிடம் சித்திரை மாதக் கல்யாணப் பத்திரிகையை நீட்டினால், மாப்பிள்ளை பெயருக்கு முன் தேதியைத்தான் பார்ப்பார். மீனாட்சி திருக்கல்யாண நாளிலோ அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலோ முகூர்த்தம் வைத்தால் சொந்தத்தில் பாதிப்பேர் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் இருக்கிறது.

அந்தக் கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது என்பார்கள். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றினார். தேனூரில் ஆற்றில் இறங்கிவந்த அழகரையும் மதுரைக்கு வரவழைத்தார். மாசி அறுவடைக் காலம், தேர் இழுக்க ஆள் சேரவில்லை என்பது ஊரில் சொல்லும் காரணம். சித்திரையில் களத்து வேலை ஓய்ந்திருக்கும், குதிரில் நெல் இருக்கும், குடும்பத்தோடு வண்டி கட்டலாம். விழா மாதம் மாறியும், தேரோடும் வீதிகளுக்கு இன்னும் மாசி வீதி என்றுதான் பெயர்.

கூண்டு வண்டி போய் வேனும் ஷேர் ஆட்டோவும் வந்துவிட்டன. வீட்டு நடப்பு அதிகம் மாறவில்லை. திருக்கல்யாண நேரத்தில் பெண்கள் புதுத் தாலிக் கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். சாமி கல்யாணம்தானே என்று சும்மா திரும்புவதில்லை, மொய்யும் எழுதுகிறார்கள். மறுநாள் தேர் பார்த்த கையோடு எதிர்சேவைக்கு ஏற்பாடு நடக்கும். பித்தளைச் செம்பில் சர்க்கரையும் பொரிகடலையும் நிரப்பி, வாயை வாழையிலையால் மூடிக் கட்டி, அதன்மேல் சூடம் ஏற்றி அழகரை வரவேற்பார்கள்.

எதிர்சேவைக்கு அடுத்த நாள் விடியலில், தங்கக் குதிரையில் அழகர் வைகைக்கு வருகிறார். பட்டு என்ன நிறம் என்று பார்க்கப் பாட்டிகள் எக்குவார்கள். பச்சை என்றால் மழைக்குக் குறைவில்லை என்பது நம்பிக்கை. தோல்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள் அருகே நின்ற பிள்ளைகள் நனைந்து கூச்சலிடுவார்கள். வெயில் ஏறியதும் பானகமும் நீர்மோரும் தேடி ஒரு பந்தலிலிருந்து இன்னொரு பந்தலுக்கு நடை. பொருட்காட்சி தொடங்கியிருந்தால் மாலையில் ராட்டினமும் டெல்லி அப்பளமும் உண்டு.

நாயக்கர் பார்த்தது அறுவடைக் கணக்கு. இப்போது மாவட்ட நிர்வாகம் பார்ப்பது பள்ளிக்கூட, அலுவலகக் கணக்கு. அழகர் இறங்கும் நாளுக்கு உள்ளூர் விடுமுறை விட்டுவிட்டு, ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்கிவிடுகிறது. அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பிள்ளைகள் அப்புறம் கவலைப்பட்டுக்கொள்வார்கள்.