துணைக்காரணம்

உடப்பில் கரைவலைத் தொழிலிலே முதிர்ந்த, நீரிழிவுள்ள பெரியவர் ஒருவர், கோத்தலஹிம்புட்டுக் கொடியின் தண்டில் கடைந்த குவளையில் இரவு ஊற்றிவைத்த நீரை, அது விடிகையில் சாயத்தண்ணிபோற் சிவந்திருக்கக் கண்டு, கிழக்கு நோக்கிக் கும்பிட்டுப் பருகுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "அம்மா தந்த மருந்து தம்பி, இனிக் குளிசை எதுக்கு?" என்பது அவர் வேதாந்தம்.

சைவ சித்தாந்தமோ, குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என வகுத்து, ஒன்றின் ஸ்தானத்தில் மற்றொன்றை வைக்க இடங்கொடுப்பதில்லை. அக்கொடியில் குணமில்லையென்று சொல்ல நான் துணியேன். மாச்சத்து குடலில் சர்க்கரையாய்ப் பிரிவதைத் தாமதப்படுத்தும் சலசினோல் என்னும் பொருளை ஜப்பானிய விஞ்ஞானிகள் அதிலிருந்து பிரித்தெடுத்து 1997இல் அறிவித்தார்கள். ஆயினும் அது சக்கரமேயன்றிக் குயவனன்று. அந்நோய்க்குத் தரும் மெட்போர்மின் குளிசையை நெடுங்காலம் விழுங்குவோர்க்குக் குறையக்கூடிய பி12 உயிர்ச்சத்தை, இரத்தம் சோதித்து ஈடுசெய்வதும் அத்தகைய துணையே.

"அப்படியெண்டா குளிசையும் சக்கரந்தானே?" என்று, இதைச் சொன்னபோது அவர் என்னை மடக்கினார், மடங்கினேன்.

ஆடியில் திரௌபதை அம்மன் முன்றிலில் தீமிதிக்க அவர் காப்புக் கட்டியிருந்த சமயம், சிப்பி கீறிய அவர் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன். சீழ் கட்டியிருந்தும் அவருக்கு நோவே தெரியவில்லை. தணல் சுடாதிருப்பது அருளாலா, நரம்பு மரத்ததாலா என்ற வினா நாவரை வந்தது, கேட்கவில்லை. அவரே காலை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "குளிசைச் சரையை எங்க வச்சாய்?" என்று உள்ளே குரல் கொடுத்தார்.