நோயாளியின் நம்பிக்கையும் செவிலியர் அறமும்

நோயுற்றவரைப் பேணும் செவிலியர் அவருடைய உடலுக்கு மட்டும் பொறுப்பானவரா, அந்த உடலையும் நோயையும் பற்றி அவர் கொண்டிருக்கும் நம்பிக்கைக்கும் பொறுப்பானவரா என்னும் வினா, மருத்துவமனை நிர்வாகத்தைச் சார்ந்ததாகத் தோன்றினாலும், அடிப்படையில் அறத்துக்கும் சமயத்துக்கும் உரியது. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தபின் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியேறிய வியட்நாமியர் அங்குள்ள மருத்துவமனைகளை நாடியபோது இவ்வினா கூர்மை பெற்றது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் முதுகில் தைலம் தடவி, நாணயத்தின் விளிம்பால் அழுத்தித் தேய்த்து, உடலில் புகுந்த கெட்ட காற்றை வெளியேற்றுவது அவர்களுடைய வீட்டு வைத்தியம். அதனால் உண்டாகும் செந்நிறத் தடங்களைக் கண்ட மருத்துவர்கள் பெற்றோரே பிள்ளையை அடித்திருப்பார்களோ என ஐயுற்ற நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பிள்ளையின் நலத்துக்காகப் பெற்றோர் செய்த பணிவிடை, அதன் பொருள் அறியாதவர் கண்ணுக்குக் குற்றமாகிவிட்டது.

இத்தகைய பிழைகளைத் தவிர்க்கவே, செவிலியராகவும் மானிடவியலாளராகவும் விளங்கிய மடலின் லைனிங்கர், நோயாளியின் பண்பாட்டை அறிந்து அதற்கேற்பப் பணிவிடை செய்யும் ‘பண்பாடு கடந்த செவிலியம்’ என்னும் துறையை வகுத்தார். நோயாளியின் வழக்கம் நன்மை தருமாயின் அதைக் காத்தல், சிகிச்சையோடு இணங்குமாறு அதைச் சற்று மாற்றிக்கொள்ளுதல், தீங்கு தருமாயின் அவருடைய இசைவோடு அதைத் திருத்தியமைத்தல் என மூன்று வழிகளை அவர் காட்டினார். எனினும், பின்வந்த பாடநூல்கள் பலவற்றில் இச்சிந்தனை வெறும் பட்டியலாகச் சுருங்கியது: வியட்நாமியரின் தலையைத் தொடலாகாது, அவர் புன்னகைத்துத் தலையசைத்தால் அதை இசைவெனக் கொள்ளலாகாது, இன்னும் இவை போன்றவை. வியட்நாமியருள் மகாயான பௌத்தரும் கத்தோலிக்கரும் காவோதாய் நெறியினரும் முன்னோர் வழிபாட்டை மட்டுமே கைக்கொள்வோரும் உளர் என்பதை நினைத்தால், அத்தகைய பட்டியல் முன்கூட்டியே தீர்மானித்துவிடும் ஒரு முகத்தை நோயாளிக்கு அணிவிக்கிறதேயன்றி அவரைக் காட்டுவதில்லை. 1998இல் மெலனி டெர்வலோன், ஜான் மரே-கார்சியா என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் ‘பண்பாட்டுப் பணிவு’ என்னும் கருத்தை முன்வைத்ததன் காரணமும் இதுவே. பிறர் பண்பாட்டைக் கற்று முடித்துவிட்டதாக எவரும் கருதலாகாது, நோயாளியிடமிருந்தே கேட்டறிய வேண்டும் என்பது அதன் சாரம்.

பட்டியல் எத்துணைப் பயனற்றது என்பதைக் காணத் தொலைநாடு செல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வட்டத்தின் காஞ்சிரங்குளம், பாறசாலை முதலிய ஊர்ப்புறங்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் கலந்து வழங்குகின்றன. ஒரே நாடார் குடும்பத்தில் அண்ணன் இந்துவாகவும் தம்பி சி.எஸ்.ஐ. சபையினராகவும் இருப்பது புதுமையன்று. லத்தீன் கத்தோலிக்கரும், இரட்சணிய சேனையினரும், பெந்தெகொஸ்தே சபையினரும், முஸ்லிம்களும், இறந்தவரைப் பத்மாசனத்தில் வடக்கு நோக்கி அமர்த்தி அடக்கம் செய்யும் ஐயாவழியினரும் இப்பகுதியிலும் இதையொட்டிய குமரி நாட்டிலும் வாழ்கின்றனர். சாதி சமய வேற்றுமையின்றி எல்லாரும் உடன்பிறந்தாராக வாழுமிடம் என்னும் கருத்தை நாராயண குரு 1888இல் சிவப் பிரதிஷ்டை செய்து நிலைநாட்டிய அருவிப்புறமும் நெய்யாற்றின்கரைக்கு அருகிலேயே உள்ளது. இங்கு ஒருவரின் பெயரைக் கொண்டோ பேச்சைக் கொண்டோ அவருடைய இறுதி விருப்பத்தை ஊகிக்க முயலும் செவிலியர் தவறுவது உறுதி. வர்ம ஆசான் எண்ணெய் தடவிக் கட்டிய கட்டோடு ஒருவர் வரும்போது அதை அறியாமையின் அடையாளமாகப் பார்ப்பவர், நாணயத் தடங்களைக் கண்டு மருண்ட அந்த அமெரிக்க மருத்துவரிடமிருந்து வேறுபட்டவர் அல்லர்.

கேரள அரசு 2008இல், இந்தியாவில் முதன்முதலாக, வலிதணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. தீராத நோயினரின் வலியையும் துயரையும் குறைப்பதே இப்பராமரிப்பின் நோக்கம். அக்கொள்கையின் பயனாக உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கே செல்கின்றனர். இந்த ஏற்பாட்டின் அறவியல் பொருள் போதிய அளவு பேசப்படவில்லை. மருத்துவமனையில் நோயாளி தன் உடையையும் உணவையும் உறக்க நேரத்தையும் துறந்து பிறருடைய ஒழுங்குக்குள் நுழைகிறார்; வீட்டிலோ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருபவர் செவிலியரே. விளக்கோ சிலுவையோ எதிரே இருக்க, அம்மாவை எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடத்துவது, எப்போது ஜெபிப்பது என்பவற்றை அவ்வீட்டார் கூற, அவர் கேட்டுக்கொள்கிறார். விருந்தினருக்குரிய இந்த நிலையே பணிவைக் கற்பிக்கும் மிகச் சிறந்த பள்ளி எனலாம்.

வியட்நாமியரில் பலர் போற்றும் புத்தர், வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த துறவி ஒருவரைத் தம் சீடர் ஆனந்தருடன் சேர்ந்து கழுவிப் படுக்கையில் கிடத்தினார் எனப் பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலான வினயபிடகம் கூறுகிறது. அவ்விடத்திலேயே நல்ல பணிவிடையாளரின் ஐந்து தகுதிகளும் சொல்லப்படுகின்றன. அருவருப்பின்மையும் கைம்மாறு கருதாமையும் அவற்றுள் அடங்கும், ஏற்ற வேளையில் அறவுரையால் நோயாளியை ஊக்குவிப்பதும் அடங்கும். பல சமயங்கள் கலந்த ஊரில் இந்த இறுதித் தகுதி எச்சரிக்கையோடு கொள்ளப்பட வேண்டும். 1838இல் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய நாள்முதல், தென் திருவிதாங்கூரில் மருந்தும் மறையுரையும் சேர்ந்தே வந்தன. எண்ணற்ற உயிர்களைக் காத்த அப்பணியைப் போற்றும்போதே, படுக்கையில் கிடப்பவர் எழுந்து செல்ல இயலாத கேட்பவர் என்பதையும் மறக்கலாகாது. நோயாளி வேண்டினாலன்றிச் செவிலியரின் சமயம் அங்கே பேசலாகாது.

நம்பிக்கை வலியோடு மோதும் இடமும் உண்டு. முன்வினையை அனுபவித்தே தீர்க்க வேண்டும் என்றோ, கிறிஸ்துவின் பாடுகளில் பங்கு என்றோ கருதி, வலி தணிக்கும் மார்ஃபின் மருந்தை மறுப்போர் உளர். உயிர்க்காலம் குறையக்கூடுமாயினும் வலியைத் தணிக்க மருந்து தரலாம் எனப் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் 1957இலேயே தெளிவுபடுத்தினார். வினைக்கோட்பாடும் துன்புறுவோருக்கு உதவுவதைத் தடுப்பதில்லை. இவற்றை எடுத்துச் சொல்வது செவிலியரின் கடமை. கேட்ட பின்னும் நோயாளி தெளிந்த மனத்தோடு மறுப்பாராயின் அதை மதிப்பதும் கடமையே. ஆனால் மறுப்பவர் நோயாளியா, அவர் பெயரால் பேசும் உறவினரா என்பதை முதலில் அறிய வேண்டும்.

அவ்வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்படுவது நோயின் பெயரைச் சொல்லும் வேளையில்தான். ‘அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள்’ என்னும் மகனின் வேண்டுகோள் வியட்நாமியக் குடும்பங்களிலும் தமிழ், மலையாளக் குடும்பங்களிலும் ஒன்றுபோலவே எழுகிறது. எந்நிலையிலும் பொய் தகாது என்றார் மெய்யியலாளர் கான்ட். குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார் வள்ளுவர். மறைப்போர் வள்ளுவரைத் துணைக்கழைப்பது எளிது, ஆயினும் அவர் விதித்த நிபந்தனை கடுமையானது: மறைப்பதால் விளைவது பெரும்பாலும் உறவினரின் ஆறுதலே, நோயாளியோ தன் நிலத்தைப் பிரித்தெழுதவும், பிணங்கியவரோடு இணங்கவும், விரும்பிய சடங்கை வேண்டவும் உரிய நாட்களை இழக்கிறார். தெளிந்த அறிவுடைய வயதுவந்த நோயாளிக்குப் பதிலாகத் தாய் தந்த இசைவு செல்லாது என உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது சிகிச்சைக்கான இசைவைப் பற்றியதாயினும், அதன் அறம் இங்கும் பொருந்தும். எனவே எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை நோயாளியிடமே கேட்பது முறை. ‘எனக்கு வேண்டாம், மகனிடம் சொல்லுங்கள்’ என அவரே கூறினால் அதுவும் அவர் உரிமையே. இன்று வேண்டாம் என்றவர் அடுத்த மாதம் கேட்கவும் கூடும், அப்போது மீண்டும் வருகின்ற பஞ்சாயத்துச் செவிலியர் மறைக்காமல் விடை கூற வேண்டும்.