எந்த ஊர்க்காரர் என்பதா கேள்வி?

2025 ஜூலை 8 காலை, கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதியது. மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். அன்றைக்கே சமூக வலைத்தளங்களில் முகம் தெரியாதவர்கள் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். கேட் கீப்பர் வடக்கத்தியர், தமிழ் தெரியாது, அதுதான் காரணம் என்றது ஒரு கூட்டம். தமிழருக்கே வெறுப்புப் புத்தி என்றது இன்னொன்று.

ஆனால் அப்போது அந்தக் கேட்டில் இன்டர்லாக்கிங் இல்லை. அந்த வசதி இருந்தால், கேட்டை மூடிய பிறகே ரயிலுக்குச் சிக்னல் விழும். இல்லாத இடத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்ல வேண்டும். கேட் கீப்பர் மூடிவிட்டுப் பதில் தர வேண்டும். இருவரில் ஒருவர் தவறினாலும் பிள்ளைகளின் உயிருக்கு வேறு காவல் இல்லை.

பணியில் தவறியவரைச் சட்டம் விசாரிக்கட்டும். உள்ளூர் மொழி தெரிந்தவரை நியமிக்கச் சொல்வதும் நியாயமே. ஒரு மாநிலத்து மக்கள் அத்தனை பேரையும் ஏசுவது மட்டும் யாருக்கும் பாதுகாப்பு தராது. உங்கள் ஊர் கேட்டில் இன்டர்லாக்கிங் இருக்கிறதா? ஏசுகிற அதே கோபத்தோடு இதை ரயில்வேயிடம் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.