யார் கொடுத்த காசு?

2025-ஆம் வருஷம், ஏப்ரல் மாதம். மணிக்கூண்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை. பகல் முழுதும் காய்ந்த வெயிலின் சூடு இரவிலும் சுவரை விட்டு இறங்கியபாடில்லை. ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் மாறி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், அந்தக் கடையில் உட்காருகிற எங்களுக்கெல்லாம் அது இன்னும் மாயவரம்தான். டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. அடிபட்டுக்கொண்டிருந்தது என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும். பந்து வீச வந்தவர் ரவிச்சந்திரன் அஸ்வின். ஒரு பந்து கயிற்றைத் தாண்டிப் போயிற்று.

"ஒம்பதே முக்கால் கோடி!" என்றார் பெஞ்சின் கோடியில் இருந்தவர். "அந்தக் காசுக்கு நம்ம பக்கம் பத்து வேலி நெலம் வாங்கிப் போடலாம்யா."

நானும் சும்மா இருக்கவில்லை. "வாங்கின காசுக்குப் பந்து போடத் தெரியவில்லை, பேச மட்டும் தெரிகிறது. வீட்டோடு உட்கார வேண்டியதுதானே!" என்றேன். சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்புக் கிடைத்துவிட்டால் நாக்கு நிற்குமா? இன்னும் இரண்டு வார்த்தை சொன்னேன். அவற்றை இங்கே எழுதுவதற்கில்லை.

என் பக்கத்தில் தங்கையின் பேரன் உட்கார்ந்திருந்தான். எட்டாம் வகுப்புப் படிக்கிறவன். கோடையில் காவேரி வறண்டு கிடக்கும்போது மணலில் சோடாக் கடைப் பலகையை ஸ்டம்பாக நட்டு, அஸ்வினைப் போலவே கையைச் சுழற்றிப் பந்து போடுகிறவன். அவன் என் முகத்தைப் பார்த்து, "தாத்தா, அவருக்கு நீங்களா காசு குடுத்தீங்க?" என்று கேட்டான்.

குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. "டீ ஆறிப்போகிறது, குடி" என்றேன். ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது அந்தக் கேள்வியும் கூடவே நடந்து வந்தது.

காசு யாருடையது? 2024 நவம்பரில் ஜெட்டா நகரத்தில் நடந்த ஏலத்தில், 2 கோடி என்று ஆரம்பித்த விலை ஏறி ஏறி 9.75 கோடியில் நின்றது. கொடுத்தது சென்னை அணியின் முதலாளிகள். நான் கொடுத்தது, அந்த மாதத்துக்குக் கேபிள்காரருக்குச் சேரவேண்டிய பணமும், ஒரு டீயின் விலையும்தான். இருந்தாலும் என்னவோ என் பெட்டியை உடைத்து எடுத்துக்கொண்டு போனவரைப் போல அவரை ஏசினேன்.

முதலாளிக்கு ஏசப் பாத்தியதை உண்டா என்று பார்க்கலாம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் குளத்து மீனை ஏலம் விடுவார்கள். மீன்பாசி ஏலம் என்று பெயர். தண்ணீருக்கு அடியில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருவன் இருபதாயிரம் என்பான். இன்னொருவன் முப்பது என்பான். கடைசியில் எவனுக்கு ஆசை அதிகமோ அவன் எடுப்பான். அப்புறம் வலையை வீசிப் பார்த்துவிட்டுக் கரையில் நின்று குளத்தை வைவான். குளம் என்ன செய்யும்? 'என்னிடம் முப்பதாயிரம் ரூபாய்க்கு மீன் இருக்கிறது' என்று அது சொல்லவில்லையே! ஏல விலை என்பது பொருளின் மதிப்பைச் சொல்வதில்லை. எடுத்தவனின் நம்பிக்கையைத்தான் சொல்கிறது. முப்பத்தெட்டு வயதுப் பந்து வீச்சாளருக்கு 9.75 கோடி என்றால், அது அவருடைய விரல்களின் விலை மட்டும் அல்ல. பத்து வருஷத்துக்குப் பிறகு ஊர்ப் பிள்ளை ஊருக்குத் திரும்புகிறான் என்ற கதைக்கும் சேர்த்துக் கொடுத்த விலை.

"குளத்துக்கு வாய் இல்லை, மனிதனுக்கு உண்டே! வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே? காசை வாங்கிக்கொண்டார் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காசு வாங்கினவனுக்குக் கடமை உண்டு. ஆனால் எதற்குக் கடமை? வக்கீலுக்குக் கொடுக்கும் பீஸ் வழக்கை ஒழுங்காக நடத்துவதற்கு. ஜெயித்துக் கொடுப்பதாக எந்த யோக்கியமான வக்கீலும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார். பந்து வீச்சாளன் உடம்பைப் பேணலாம். விடியற்காலையில் எழுந்து பழகலாம். எதிராளியின் காலடியை இரவெல்லாம் யோசிக்கலாம். விக்கெட்டு விழுவதற்கு இவையெல்லாம் வேண்டும். ஆனால் இவையெல்லாம் இருந்தும் விழாமல் போகலாம். அஸ்வின் முயலவில்லை என்று அவரை மிக வெறுப்பவர்கூடச் சொன்னதாக நான் கேட்டதில்லை. அந்த வருஷம் 9 ஆட்டங்களில் 7 விக்கெட்டு எடுத்தார். ஓவருக்கு ஒன்பது ரன்னுக்கு மேல் கொடுத்தார். சுமாரான கணக்கும் அல்ல, மோசமான கணக்குத்தான். சென்னை அணி தன் சரித்திரத்தில் முதல் தடவையாகக் கடைசி இடத்தில் போய் நின்றது. இதையெல்லாம் ஒருவன் பேசக்கூடாது என்றால் அப்புறம் ஆட்டம் எதற்கு, ரஸிகன் எதற்கு?

ரஸிகனுக்கும் ஒரு பாத்தியதை உண்டு என்றுதான் நினைக்கிறேன். அவன் கொடுப்பது காசு அல்ல, பொழுது. அதைவிட முக்கியமாக, நம்பிக்கை. பகலெல்லாம் கடையில் நின்றவன், வயலில் குனிந்தவன், அந்த மூன்று மணி நேரத்துக்குத் தன் சுக துக்கத்தை யாரோ பதினோரு பேரிடம் ஒப்படைத்துவிடுகிறான். ஒப்படைத்ததைப் போட்டு உடைத்தால் வலிக்கத்தான் செய்யும். அதிலும் உடைத்தவன் நம்ம பையனாக இருந்தால் வலி இரட்டிப்பு. அதே அணியில் 10 கோடிக்கு வந்த ஆப்கானிஸ்தானத்து இளைஞர் நூர் அகமது அந்த வருஷம் 24 விக்கெட்டு எடுத்தார். அவர் தவறியிருந்தால், 'வெளியூர்க்காரன், போகட்டும்' என்று விட்டிருப்போம். அஸ்வின் மாம்பலத்துப் பிள்ளை. ஆகவே விடமாட்டோம். அபிமானம் எவ்வளவு ஆழமோ, ஏச்சும் அவ்வளவு ஆழம். இதை அன்பு என்று சொல்லித்தான் நாம் மழுப்புகிறோம். ஆனால் அன்புக்குள்ளே சொத்துரிமை புகுந்துகொண்டால் அது என்ன ஆகும் என்பதை மாயவரத்துக்காரர்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

ஏன் என்றால், தியாகராஜ பாகவதர் பிறந்த ஊர் இது. 1910-இல் இங்கே பிறந்த அந்தக் குழந்தைக்குப் பின்னால் தமிழ்நாடே போயிற்று. 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பார்கள். அதே வருஷக் கடைசியில் லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். 1947-இல் குற்றமற்றவர் என்று விடுதலையாகி வெளியே வந்தார். சாரீரம் போய்விடவில்லை. 'ராஜ முக்தி' எடுத்தார், 'அமரகவி'யில் நடித்தார். ஜனங்கள் வரவில்லை. படம் பிடிக்காவிட்டால் பார்க்காமல் இருக்க எவருக்கும் உரிமை உண்டு. அதை நான் குற்றம் சொல்லவில்லை. காலம் மாறிற்று, ருசி மாறிற்று. ஆனால், அவர் ரெயிலில் வருகிறார் என்றால் ஸ்டேஷனுக்கு ஓடின அதே ஜனங்களில் எத்தனை பேர் பின்னாளில் அவருடைய பட்டுச் சட்டையையும் வைரக் கடுக்கனையும் சொல்லிச் சிரித்தார்கள்! 1959-இல் நாற்பத்தொன்பதாவது வயதில் அவர் கண்ணை மூடினபிறகு அந்தச் சிரிப்பு அழுகையாக மாறிற்று. நாம் இதில் கைதேர்ந்தவர்கள். இருக்கும்போது ஏச்சு, போனபின் பூமாலை.

"கொஞ்சம் பொறுமையாக இருந்திருக்கலாம், பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று சிலர் சொல்வார்கள். அதற்குச் சாட்சியாக மிட்செல் ஸ்டார்க்கைக் காட்டுவார்கள். அந்த ஆஸ்திரேலியரைக் கொல்கத்தா அணி 24.75 கோடிக்கு எடுத்தது. 2024-இல் முதல் இரண்டு ஆட்டங்களில் 8 ஓவர் வீசி 100 ரன் கொடுத்தார்; ஒரு விக்கெட்டும் இல்லை. உலகமே சிரித்தது. இரண்டு மாதம் கழித்து, அதே சேப்பாக்கத்தில், இறுதி ஆட்டத்தின் முதல் ஓவரிலேயே ஸ்டம்பைப் பெயர்த்து ஆட்ட நாயகனும் ஆனார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

நல்ல கதைதான். ஆனால் அதன் நீதி எனக்குப் பிடிக்கவில்லை. 'ஏசாதே, நாளைக்கு ஜெயித்துவிடுவான்' என்பது நீதியா, முதலீட்டு யோசனையா? நாளைக்கும் ஜெயிக்காவிட்டால்? அஸ்வின் ஜெயிக்கவில்லை. அந்த வருஷம் அவருக்குக் கடைசிவரை திரும்பவில்லை. பொறுமைக்குக் கூலி கிடைக்காத இடத்தில்தான் நம் மரியாதைக்குப் பரீக்ஷை.

இந்த இடத்தில் என் சொந்த சமாசாரம் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் என் நாவல் ஒன்று வெளிவந்தபோது ஒரு வாசகர் கடிதம் எழுதினார். நாற்பது வருஷமாக என்னைப் படிக்கிறவராம். "காசு கொடுத்து வாங்கினேன், பாதியில் மூடிவிட்டேன், கதாநாயகி பேசுகிற இடமெல்லாம் நீங்கள்தான் பேசுகிறீர்கள்" என்று எழுதியிருந்தார். வலித்தது. ஆனால் எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. அதற்குக் கீழே இன்னொரு வரி: "பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டோடு இருங்கள்." இந்த வரியிலும் உண்மை இருக்கலாம். இருந்தாலும் முதல் வரிக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதிய என்னால், இரண்டாவதை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. முதல் வரி என் எழுத்தைப் பற்றியது. இரண்டாவது, இனி நான் இருக்கவேண்டுமா என்பதைப் பற்றியது. அந்த இரண்டாவது வரியைத்தான் அன்றைக்கு டீக்கடையில் நான் அப்படியே ஒப்பித்தேன்!

'எழுத்து வேறு, மனிதன் வேறு. பந்து வேறு, ஆள் வேறு' என்று பிரித்துவிட்டால் தீர்ந்துபோகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவ்வளவு சுலபமாக இல்லை. பத்து வயதிலிருந்து ஒன்றையே செய்துவந்தவனுக்கு அது வேறு, தான் வேறு என்று எப்படித் தோன்றும்? டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட்டு எடுத்தவர், இந்தியாவில் கும்ப்ளேக்கு அடுத்தபடி நிற்கிறவர். அவரிடம் 'உங்கள் பந்தைத்தான் சொன்னேன், உங்களை அல்ல' என்றால் சமாதானம் ஆகுமா? ஆகாது. ஆகவே எப்படிப் பேசினாலும் கொஞ்சம் காயம் படத்தான் செய்யும். மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: இதையே அவர் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேனா? 'பந்து மெதுவாகப் போகிறது, மட்டைக்காரன் காத்திருந்து அடிக்கிறான்' என்பதைச் சொல்வேன். அவரும் பதில் சொல்வார். நான் சொன்ன மற்ற இரண்டு வார்த்தைகளைச் சொல்லியிருக்க மாட்டேன். காரணம் தைரியக் குறைவு மட்டும் அல்ல. முகத்தைப் பார்த்தால் 2011 மே மாதத்து இரவு ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அந்த இறுதி ஆட்டத்தில் கிறிஸ் கெயில் மட்டையோடு வந்து நின்றபோது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் ஓவரை இந்தப் பையன்தான் போட்டான். நாலாவது பந்தில் தோனி கையில் பந்து. கெயிலுக்கு ரன் கிடையாது. ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. அன்றைக்கு நான் தெருவில் இறங்கி முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அதற்கு நான் என்ன விலை கொடுத்தேன்? ஒரு காசும் இல்லை. கணக்குப் பார்ப்பது என்று வந்துவிட்டால் அந்த இரவையும் ஏட்டில் எழுதத்தானே வேண்டும்?

இதனால், பழைய நன்றிக்காக அவரை அணியில் வைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நடுவிலே சில ஆட்டங்களில் அவரை உட்கார வைத்தார்கள். அதில் தவறு இல்லை. நன்றி இடம் வாங்கித் தராது. ஆனால் எப்படி அனுப்புவது என்பதை அது தீர்மானிக்கலாம்.

அவர் ஒருவரும் அனுப்பும்வரை காத்திருக்கவில்லை. 2025 ஆகஸ்டு 27-ஆம் தேதி, ஐ.பி.எல். ஆட்டம் இனி இல்லை என்று தாமே அறிவித்துவிட்டார். மறுநாள் டீக்கடையில், பத்து வேலி நிலம் வாங்கினவர் டம்ளரை ஆற்றிக்கொண்டே, "என்ன மூளைய்யா அவனுக்கு! இனிமே இப்படி ஒருத்தன் வரமாட்டான்" என்றார். எல்லோரும் ஆமோதித்தார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டும்போதே வெட்கமாக இருந்தது.

அதற்குச் சில நாள் கழித்து, பேரன் பள்ளிக்கூடத்து ஆட்டத்தில் இரண்டு ஓவர் போட்டு இருபத்தேழு ரன் கொடுத்துவிட்டு வந்தான். சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். "எல்லாரும் கத்துனாங்க தாத்தா. வீட்டுக்குப் போடான்னு சொன்னாங்க" என்றான்.

அந்த வார்த்தையை அவர்கள் எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் சாயங்காலம், காவேரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்ததால், கொல்லையிலேயே ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு நின்றேன். "போடு" என்றேன். முதல் பந்து பாதி வழியிலேயே விழுந்து வேலிக்குள் உருண்டு போயிற்று. அவன் என் முகத்தைப் பார்த்தான்.

குனிய முடியாமல் குனிந்து, முள்ளை விலக்கிப் பந்தை எடுத்து, அவனிடம் திருப்பிப் போட்டேன்.